நான்கு நாட்டு முகங்களும் ஒரே வெயிலும்

போன கிழமை என்னுடைய கொம்பியூட்டருக்கு வைரஸ் பிடித்தது. பிடித்தது என்று சொல்வதும் சரியில்லை. யாரோ கொண்டுவந்த ஃபிளொப்பியை நானே செருகி, நானே திறந்து, நானே உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். அரை மணித்தியாலத்தில் ஒன்றும் அசையவில்லை.

ஊர்காவற்றுறையில் ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்குக் கொம்பியூட்டர் படுத்தால் கடையும் படுத்துவிடும். செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து மகேந்திரனை வரச் சொன்னேன். கொம்பியூட்டர் திருத்துகிறவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது, ஆனாலும் என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். பஸ்ஸில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்தார், தூசியை ஊதினார், எதையோ கழற்றிப் பூட்டினார். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் சரிவரும் என்றார்.

“வேண்டியதெல்லாம் எடுத்து வச்சிட்டியளோ அண்ணை?”

தீவுப்பகுதி ஆளிடம் கேட்கிற கேள்வியா இது? எத்தனை தரம் எழும்பி ஓடியிருக்கிறோம்... எங்கள் வீடுகளில் ஒரு பை எப்போதும் கட்டியபடியே கிடக்கும். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள். இப்போது சமாதானம், பாதை திறந்தாயிற்று, ஆனாலும் அந்தப் பையை அவிழ்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. என் பையில் இவற்றோடு சீடிகளும் இருக்கின்றன. வாடிக்கையாளரின் படங்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் சீடியில் பதிந்து உள்ளே வைத்துவிடுவேன். படம் திருத்துகிற புரோகிராமின் சீடிகூட அங்கேதான்.

ஓம் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

மகேந்திரன் அழித்தார். புதிதாகப் போட்டார். பின்னேரம் புரோகிராமையும் ஏற்றித் தந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வலப்பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பட்டியலைத் திறந்தேன்.

‘கனடா பனி’ இல்லை. ‘லண்டன் மழை’ இல்லை. ‘பாரிஸ் பல்ப்’ இல்லை. ‘சுவிஸ்’ இல்லை.

கொம்பனிக்காரன் வைத்தவை மட்டும் வரிசையாக இருந்தன. மரச்சட்டம் மாதிரி ஒன்று, தண்ணீரில் நிழல் விழுகிற மாதிரி ஒன்று. ஐந்து வருடத்தில் ஒரு நாளும் நான் தொடாதவை.

இந்தப் பெயர்களெல்லாம் என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஸ்டூடியோக்காரனின் பாதி வேலை படம் எடுப்பதில்லை, ஆட்களைச் சேர்ப்பது. கலியாணம் இங்கே நடக்கும், தமையன் கனடாவில் நிற்பான். ஐயாவின் அறுபதாம் பிறந்தநாள் இங்கே, மகள் லண்டனில். அவர்கள் அங்கிருந்து படத்தை அனுப்புவார்கள். நான் ஆளை மட்டும் வெட்டியெடுத்துக் குடும்பப் படத்தில் நிறுத்தவேண்டும். வெட்டுவது பெரிய காரியமில்லை. நிறம்தான் கரைச்சல். கனடாவிலிருந்து வருகிறவர் நீலம் பூத்துப்போய் வருவார். லண்டன்காரருக்கு முகத்தில் ஒரு சாம்பல். பாரிஸில் வீட்டுக்குள் பல்ப் வெளிச்சத்தில் எடுப்பார்கள், ஆள் மஞ்சள் காமாலை வந்தவர் மாதிரி இருப்பார். இவர்களைக் கொண்டுவந்து எங்கள் நாலு மணி வெயிலில் நிறுத்தினால் யார் நம்புவார்கள்?

அதனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிரிசெட் செய்து வைத்திருந்தேன். நீலத்தை எவ்வளவு இறக்குவது, சிவப்பை எவ்வளவு ஏற்றுவது, நிழலை எவ்வளவு கடுமையாக்குவது என்று ஒருமுறை செய்து பார்த்து, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டால் பிறகு ஒரே அமுக்குத்தான். கனடாக் குளிர் இறங்கி ஊர் வெயில் ஏறிவிடும். ‘கனடா பனி’ சரிவர எனக்கு மூன்று கிழமை எடுத்தது. சுவிஸ் அதையும்விட மோசம். பனியில் வெயில் பட்டுத் திரும்புவதால் வெளிச்சம் ஆளுக்குக் கீழேயிருந்து வரும். முகத்தைத் தலைகீழாகத் திருத்தவேண்டும்.

உண்மையைச் சொல்கிறேனே, ‘புரோக்கர்’ என்றும் ஒன்று இருந்தது. கலியாணப் பேச்சுக்கு அனுப்பும் பெண்பிள்ளைகளின் படத்தை இரண்டு படி வெளுப்பாக்குவது. அதுவும் போய்விட்டது. அதைத் திரும்பச் செய்யவேண்டாம் என்று என் மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

மகேந்திரனிடம் புரோகிராம் சீடியை எடுத்து நீட்டினேன். இதைத் திரும்பவும் போடும், எல்லாம் இதற்குள்தானே இருந்தது என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

“அது சீடிக்குள்ள இராது அண்ணை. கொம்பனி தந்தது திரும்ப வரும். இது நீங்கள் செய்தது. நீங்கள்தான் எடுத்து வச்சிருக்கவேணும்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுள்ளென்று ஏறியது. புரோகிராமுக்குள் செய்த ஒன்று புரோகிராமோடு வரும் என்று நினைத்தது மடத்தனமா? எத்தனை பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? வீட்டோடு கட்டியதெல்லாம் வீட்டோடு இருக்கும் என்று நினைத்துத்தானே முதல் தரம் ஓடும்போது வெறுங்கையோடு ஓடினோம். அந்தப் பாடத்தைப் படித்துப் பை கட்டி வைத்தவன், என் கையால் செய்த ஒன்றை மட்டும் அதற்குள் வைக்கவில்லை. மற்றவர்கள் தந்த பத்திரங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. மகேந்திரன் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சாதாரண கிழமை என்றால் தலையில் கைவைத்து இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பச் செய்திருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து அண்ணைக்கும் திரேசம்மா அக்காவுக்கும் கலியாணப் பொன்விழா.

அவர்கள் கரையோரத்து ஆட்கள். அண்ணை இப்போதும் கடலுக்குப் போகிறார். நாலு பிள்ளைகள்: மூத்தவன் லண்டன், மகள் கனடா, மூன்றாமவன் பாரிஸ், கடைசி மகன் சுவிஸ். மூத்தவன் வெளிக்கிட்டபோது கடைசிக்காரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. இடம்பெயர்ந்தபோது அல்பம் எல்லாம் வீட்டோடு போயிற்று. தாயும் தகப்பனும் நாலு பிள்ளைகளும் ஒன்றாக நிற்கிற ஒரு படம் அவர்களிடம் கிடையாது. ஒன்றுகூட இல்லை. அதைச் செய்து தாரும் தம்பி, பூசைக்குப் பிறகு சுவாமியார் ஆசீர்வதிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார் என்று அக்கா ஒரு மாதத்துக்கு முன்னமே வந்து சொன்னார். அண்ணையையும் அக்காவையும் நாலு மணி வெயிலில் நானே எடுத்துவைத்தேன், பிள்ளைகளும் அதற்கென்றே கோட்டும் சேலையும் உடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்தான் சுணங்கிவிட்டேன். பிரிசெட் இருக்கிறது, அரைநாள் வேலை என்ற கொழுப்பு.

புதன்கிழமை அக்கா கடைக்கு வந்து படம் எப்படி என்று விசாரித்தார். வேலை நடக்கிறது என்றேன். அது முழுப்பொய் இல்லை. கைவேலையாகச் செய்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புதனும் வியாழனும் அதிலேயே போயிற்று. நினைவில் இருந்த எண்களைப் போட்டுப் பார்த்தேன். மகள் பச்சையானாள். பச்சையை எடுத்தால் மூத்தவன் கறுத்தான். பாரிஸ்காரனைச் சரிப்படுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அவன் கத்தரிக்காய் நிறத்தில் நின்றான். ஐந்து வருடம் கையிலிருந்த வேலை கையைவிட்டுப் போனது எப்படி? ஒரு பொத்தானை நம்பியே இருந்துவிட்டால் விரல் வேறு எதையும் ஞாபகம் வைக்காது போலிருக்கிறது.

வியாழன் பின்னேரம் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

“தாய் தேப்பன் பின்னேரத்தில நிக்கினம். மகள் விடியக்காலமை நிக்கிறா. மூத்தவர் மழைக்குள்ள நிக்கிறார். இது ஒரு குடும்பமா தெரியேல்லையே.”

எனக்கு வந்த கோபத்தில், தெரிந்தால் நீயே செய் என்று சொல்லிவிட்டேன். பிறகு அதற்கு வெட்கப்பட்டேன். அவள் சொன்னது சரி. நான் செய்து வைத்திருந்தது நாலு தனிப் படங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பையை அவிழ்த்துச் சீடிகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். பழைய குடும்பப் படங்களில் அந்த நிறமாற்றங்கள் எங்கேயாவது மிஞ்சியிருக்காதா என்ற நப்பாசை. விளங்கச் சொன்னால் இப்படி: படத்துக்கு மேலே ஒவ்வொரு மாற்றமும் ஒரு கண்ணாடித்தாள் மாதிரி அடுக்காகக் கிடக்கும். வேலை முடிந்ததும் அடுக்கையெல்லாம் ஒட்டி ஒரே படமாக்கிவிட்டால் இடம் மிச்சம். நானோ ஒட்டுவதில் சூரன். ஒவ்வொரு சீடியிலும் ஒட்டின படங்கள்தான். திருத்தமாக, அழகாக, உள்ளே ஒன்றும் எடுக்க ஏலாதபடி முடிந்துபோன படங்கள்.

நாலாவது சீடியோடு நான் கதிரையில் சாய்ந்துவிட்டேன். அப்போதுதான் மனைவி குசினிக்குள் இருந்தபடி கேட்டாள். மண்கும்பான் பரமேஸ் அக்காவின் படம் என்ன மாதிரி என்று.

பரமேஸ் அக்காவை நான் மறந்தே போனேன். மறக்க விரும்பினேன் என்பதுதான் பொருத்தம். தோட்டக்கார வீடு, பிள்ளைகள் மூன்று பேர் வெளியே. போன வருடம் குடும்பப் படம் செய்யக் கொடுத்துவிட்டு, முடிக்கவேண்டாம் என்று நின்றார். கனடாவிலிருக்கும் மருமகள் பிள்ளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளை பிறந்ததும் அதையும் மடியில் வைக்கவேண்டும், ஒரு இடம் விட்டு வையும் என்றார். பிள்ளை பிறந்தது, படமும் வந்தது, சேர்த்தேன். முடிப்போமா என்றால், லண்டனில் இருக்கிறவளுக்கும் மூன்று மாதமாம். இன்னும் ஓர் இடம். இவருடைய குடும்பம் வளர்ந்து முடிகிறவரை என் வேலை முடியாதா என்று அன்றைக்கு மனைவியிடம் சத்தம் போட்டது நினைவிருக்கிறது.

அந்தப் படம் ஒட்டப்படவில்லை. ‘முடியாதவை’ என்று எழுதிய ஒரு சீடியில் கிடந்தது. ஆட்கள் பார்த்தால் வெட்கம் என்று பையின் அடியில் போட்டிருந்தேன்.

திறந்தேன். அடுக்குகள் எல்லாம் அப்படியே இருந்தன. கனடா மகனின் மேல் ‘கனடா பனி’. லண்டன் மகளின் மேல் ‘லண்டன் மழை’. பாரிஸ் மகனின் மேல் ‘பாரிஸ் பல்ப்’. ஒவ்வொரு அடுக்கையும் சொடுக்கினால் எண்கள் எல்லாம் அச்சொட்டாக. மருமகளின் மடியில் பேரப்பிள்ளை, பக்கத்தில் இன்னும் பிறக்காத ஒன்றுக்குக் கொஞ்சம் வெற்றிடம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். மனைவி கையில் அகப்பையோடு ஓடிவந்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

ஒழுங்காக முடித்த நூறு படத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு மனுசி பிடிவாதமாக முடிக்கவிடாமல் வைத்திருந்த ஒன்றில் எல்லாம் இருந்தன. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எல்லாம் என்பது கொஞ்சம் கூட. பரமேஸ் அக்காவுக்குச் சுவிஸில் ஒருவரும் இல்லை.

வெள்ளி பின்னேரத்துக்குள் திரேசம்மா அக்காவின் மூன்று பிள்ளைகளும் ஊருக்கு வந்துவிட்டார்கள். தாய் தகப்பன் மேல் விழுந்த அதே வெயில், அதே பக்கத்து நிழல். மூத்தவனின் நெற்றி மினுங்கியது. மகளின் சேலைக் கரை பளிச்சென்றது. ஓரத்தில் சுவிஸ்காரன் மட்டும் தடித்த கோட்டும் சிவந்த மூக்கும் நீலம் பாய்ந்த கன்னமுமாக நின்றான். என்ன செய்தும் அவன் கரைக்கு வரவில்லை. கீழேயிருந்து வருகிற வெளிச்சத்தை மேலேயிருந்து வரவைக்கும் வித்தை என் கையிலிருந்து போய்விட்டது.

சனி காலை எட்டரைக்கு அண்ணையும் அக்காவும் வந்தார்கள். பன்னிரண்டு மணி பஸ்ஸில் சீடியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால்தான் அங்கே பெரிதாக அடித்துச் சட்டம் போட்டுப் பின்னேரம் திருப்பி அனுப்புவார்கள். பொய் சொல்ல நேரமுமில்லை, தெம்புமில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். சுவிஸ் போய்விட்டது, மூன்று மணித்தியாலம் தாருங்கள், கையால் முடிந்தமட்டும் செய்கிறேன், ஆனால் மற்றவர்கள் மாதிரி வராது என்றேன்.

அவர்கள் நான் சொன்னதைக் கேட்டார்களா தெரியவில்லை. இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு பேர். அவர்கள் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். அக்கா விரலை நீட்டி ஒவ்வொருவராகத் தொட்டார். திரையில் விரல் பதிந்தது. நான் துடைக்கவில்லை.

அண்ணைதான் முதலில் பேசினார். அவனையும் வெயிலுக்குள் எடுத்துவிடும், எவ்வளவு நேரம் போனாலும் இருக்கிறேன் என்றார். சனம் பார்த்துவிட்டு என்ன சொல்லும் என்பதல்ல அவருடைய கவலை. பிள்ளை குளிரில் நிற்கிறான், அதை என்னெண்டு பார்த்துக்கொண்டிருப்பது என்று கேட்டார். கடலில் ஐம்பது வருடம் காற்றும் மழையும் கண்ட மனுசன். குரல் இறங்கிவிட்டது.

அக்கா தலையாட்டினார். வேண்டாம் என்கிற தலையாட்டல்.

“அவனை அப்பிடியே விடும் தம்பி. மற்ற மூண்டுபேரும் சமாதானத்துக்குப் பிறகு ஒவ்வொருத்தரா வந்து இந்த வெயிலில நிண்டிட்டுப் போனவை. இவன் ஏழு வருசமா வரேல்லை. அகதிக் கேஸ் முடியேல்லை, வர ஏலாது. நிறத்தை மாத்தி வந்தவன் மாதிரிக் காட்டினா, எனக்கே அவன் வந்திட்டான் எண்டு வந்திடும். வரட்டும். வந்து நிண்டு எடுக்கட்டும்.”

நான் எத்தனையோ பேரை ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அதை ஒரு புண்ணியம் என்றுகூட நினைத்திருக்கிறேன். அது சில பேருக்கு ஆறுதல்தான், இப்போதும் சொல்வேன். ஆனால் ஆறுதல் வேண்டாம், ஆள்தான் வேண்டும் என்று சொல்கிற ஒரு தாயை அன்றைக்குத்தான் கண்டேன்.

அக்கா சொன்னால் சொன்னதுதான் என்பது ஐம்பது வருடமாக அண்ணைக்குத் தெரியும். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“அப்ப அந்த ஓரத்தில விடாதையும். எனக்கும் இவவுக்கும் நடுவில கொண்டுவந்து விடும். குளிர் கொஞ்சம் குறையும்.”

படம் இன்னும் ஒட்டப்படாமல் அடுக்கடுக்காக இருந்ததால் அது இரண்டு நிமிட வேலை. தாயைக் கொஞ்சம் இடப்பக்கம், தகப்பனைக் கொஞ்சம் வலப்பக்கம். நடுவில் மகன். நீலக் கன்னம், சிவந்த மூக்கு, தோள் இரண்டிலும் தாய் தகப்பனின் வெயில். நான் ஐந்து வருடமாகச் செய்த படங்களில் நிறம் பொருந்தாத ஒரே படம் அதுதான். என் கண் அதிலிருந்து எடுபடவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சுவாமியார் படத்தில் தீர்த்தம் தெளித்தார். விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அதற்கு முன்னால் நின்று பார்த்தார்கள். நடுவில் நிற்கிற பிள்ளை மட்டும் ஏன் இப்படி என்று ஒவ்வொருவரும் கேட்க, அக்கா ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் அவனுடைய கேஸுக்காக ஒரு செபம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்கள். சரியான நிறத்தில் நின்றிருந்தால் யார் அவனைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்?

இந்தக் கிழமை முழுக்க நான் புதுப் பழக்கம் பழகுகிறேன். ஒவ்வொரு பிரிசெட்டையும் பட்டியலில் மட்டும் விட்டுவைக்காமல் தனிக் கோப்பாக வெளியே சேமிக்கிறேன். புரோகிராம் இருக்கிற இடத்தில் வைப்பதில்லை, அது போனால் இதுவும் போகும். சீடியில் ஒன்று பைக்குள், ஒன்று மகேந்திரனிடம் யாழ்ப்பாணத்தில். என்ன பிரிசெட் எதற்கு என்று ஒரு கொப்பியில் மனைவி எழுதிவைக்கிறாள். அவளுக்கு விளங்குகிற பெயராக வைக்கவேண்டும் என்பது கட்டளை. கொம்பியூட்டர் வைத்திருக்கிற வாசகர்களே, இன்றைக்கே செய்யுங்கள். நீங்கள் செய்ததை உங்களைத் தவிர ஒரு கொம்பனியும் திருப்பித் தராது.

முந்தநாள் அக்கா கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஈமெயிலில் அனுப்பிய படத்தைக் கண்டுவிட்டுச் சுவிஸ் மகன் ரெலிபோன் எடுத்தானாம். எல்லாரையும் வடிவாக்கிவிட்டு என்னை மட்டும் ஏன் அம்மா நீலமாய் விட்டனீங்கள் என்று கேட்டானாம். அக்கா இரண்டு சொல்தான் சொன்னாராம்.

“வந்து மாத்து.”

அதற்கு அவன், வழக்கறிஞர் இந்தமுறை நல்ல மாதிரிச் சொல்கிறார், மாரி முடியக் கேஸின் முடிவு தெரியவரும் என்றானாம். அக்கா அதை என்னிடம் சொல்லும்போது சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார், இப்போதே படத்துக்கு நிற்கப்போகிறவர் மாதிரி.

சுவிஸ் பிரிசெட்டை நேற்றுத் திரும்பச் செய்து முடித்துவிட்டேன், முந்தியதைவிட நன்றாக வந்திருக்கிறது. வேறு யார் கேட்டாலும் போட்டுக் கொடுப்பேன்... அவனுக்கு மட்டும் கமராதான்.